ஃபார்மட் பண்ணாதீங்கப்பா!

இந்த இதழ்ல டெக் பக்கத்துக்கு நான் பாப்-அப் பத்தி எழுதப் போறேன்னு சொன்னதும் ரூம்மேட் விழுந்து விழுந்து சிரிச்சான். "ஃபைனல் இயர் கம்ப்யூட்டர் சயின்ஸ். ஏஐ, கிளவுடுன்னு ஏதாவது எழுதுவன்னு பார்த்தா பாப்-அப்பா?" ஆமா, பாப்-அப்தான். அதுக்கு ஒரு காரணம் இருக்கு. முதல்ல அதைச் சொல்லிடறேன், அப்புறம் பாடத்துக்குப் போகலாம்.

எங்க ஊர் சங்கரன்கோவில் பக்கம் ஒரு சின்ன டவுன். அப்பா அங்க ஜெராக்ஸ் கடை வச்சிருக்கார். ஜெராக்ஸ்னு பேர்தானே தவிர, பாதி வேலை கம்ப்யூட்டர்லதான். ஹால் டிக்கெட் எடுக்கிறது, பட்டா பிரிண்ட், வருமானச் சான்றிதழ் விண்ணப்பம், அப்புறம் முக்கியமா மனு டைப் பண்றது. போன வருஷம் எனக்கு இன்டர்னல் நடந்துட்டு இருந்தப்ப அப்பா போன் பண்ணினார்.

"தம்பி, கம்ப்யூட்டர்ல வைரஸ் வந்துட்டு. நிமிசத்துக்கு ஒரு தடவ மூலையில வந்து நிக்கி. அஞ்சு வைரஸ் இருக்குங்கான். என்னய்யா செய்ய?"

மறுநாள் பரீட்சை. நான் யோசிக்கவே இல்ல. "ஃபார்மட் பண்ணச் சொல்லுங்கப்பா, சரியாயிடும்"னு சொல்லிட்டு வச்சுட்டேன்.

அப்பா ஆள் கூப்பிட்டார். 600 ரூபாய். வந்தவர் எல்லா டிரைவையும் சேர்த்து அழிச்சுட்டு விண்டோஸ் புதுசாப் போட்டுக் கொடுத்தார். அதுல அப்பாவோட மனு ஃபோல்டரும் போச்சு. முதியோர் உதவித்தொகைக்கு ஒண்ணு, ரேஷன் கார்டுல பேர் சேர்க்க ஒண்ணு, தெருவிளக்கு எரியலைன்னா ஒண்ணு, நிலத்தை அளந்து தரச் சொல்லி ஒண்ணுன்னு 11 வருஷமா ஒவ்வொண்ணா எழுதிச் சேர்த்தது. பேக்கப் கிடையாது.

மூணு வாரம் கழிச்சு அந்த 'வைரஸ்' திரும்ப வந்துச்சு. லீவுக்கு ஊருக்குப் போனப்ப நானே உட்கார்ந்து பார்த்தேன். அது வைரஸே இல்ல. பிரவுசர் செட்டிங்ஸ்ல ஒரு லிஸ்ட். அதுல 14 வெப்சைட் பேர். பதினாலையும் நீக்க எனக்கு ஆன நேரம் ரெண்டு நிமிஷம்கூட இல்ல.

அதனாலதான் இந்தப் பாடம். நம்ம எல்லாருக்கும் வீட்ல இருந்து இப்படி ஒரு போன் வரும். அன்னைக்கு நான் சொன்ன பதிலை நீங்க சொல்லிடக் கூடாது.

முதல்ல, வந்திருக்கிறது எதுன்னு பாருங்க

திடீர்னு திரையில வந்து நிக்கிற எல்லாத்தையும் நாம 'பாப்-அப்'னு ஒரே பேர்ல கூப்பிடறோம். குழப்பமே அங்கதான் ஆரம்பிக்குது. உண்மையில அது நாலு வகை. நாலும் வேற வேற வழியில வருது, அதனால நாலுக்கும் மருந்து வேற. காய்ச்சலுக்கும் கால் சுளுக்குக்கும் ஒரே மாத்திரை கொடுக்க முடியாதுல்ல, அது மாதிரி.

1. புதுசா ஒரு ஜன்னலோ டேபோ தானா திறந்தா, அது நிஜ பாப்-அப்.
2. படிச்சிட்டிருக்கிற பக்கத்துக்கு மேலயே ஒரு பெட்டி வந்து மறைச்சா, அது பக்கத்தோட ஒரு பகுதி.
3. திரையோட மூலையிலயோ போனோட நோட்டிஃபிகேஷன் பட்டியிலயோ வந்தா, அது வெப் நோட்டிஃபிகேஷன்.
4. முழுத் திரையையும் பிடிச்சுக்கிட்டு, சத்தம் போட்டு, ஒரு போன் நம்பரையும் காட்டினா, அது மோசடிப் பக்கம்.

ஒண்ணொண்ணா பார்ப்போம்.

வகை 1: தானா திறக்கிற ஜன்னல்

இதுதான் குடும்பத்துல மூத்தது. 1990கள்ல டிரைபாட்னு ஒரு வெப் ஹோஸ்டிங் கம்பெனி இருந்துச்சு. யார் வேணும்னாலும் இலவசமா பக்கம் போடலாம், கம்பெனி அதுல விளம்பரம் காட்டும். ஒரு கார் கம்பெனியோட விளம்பரம் ஆபாசமான ஒரு பக்கத்துல வந்து சிக்கலாயிடுச்சு. விளம்பரத்தைப் பக்கத்துக்குள்ள வைக்காம தனி ஜன்னல்ல காட்டினா, ரெண்டுக்கும் சம்பந்தம் இருக்கிற மாதிரி தெரியாதுன்னு யோசிச்சாங்க. அந்த கோடை எழுதினவர் ஈதன் ஜுக்கர்மேன். 2014ல தி அட்லாண்டிக் பத்திரிகையில ஒரு கட்டுரை எழுதி, அதுக்காக வெளிப்படையா மன்னிப்பும் கேட்டார். நல்ல எண்ணத்துல எழுதின சில வரி கோட், இவ்வளவு பெரிய தொல்லையா வளரும்னு அன்னைக்கு அவர் நினைச்சிருக்க மாட்டார். நாளைக்கு கோட் எழுதப் போற நமக்கும் இது ஒரு பாடம்தான்.

தொல்லை தாங்காம பிரவுசர்களே தடுப்பு போட ஆரம்பிச்சது. ஓபரா, மொசில்லா முதல்ல கொண்டு வந்தாங்க. 2004ல விண்டோஸ் எக்ஸ்பி சர்வீஸ் பேக் 2 மூலமா இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரருக்கும் வந்துச்சு. இப்ப எல்லா பிரவுசர்லயும் அது முதல்லயே ஆன்ல இருக்கு.

அப்புறம் ஏன் இன்னும் வருது? தடுப்பானோட விதி ரொம்ப எளிமையானது. நீங்க கிளிக் பண்ணாம ஸ்கிரிப்ட் தானா ஜன்னல் திறந்தா தடுக்கும். கிளிக் பண்ணினதோட விளைவா திறந்தா விட்டுடும். ஏன்னா பேங்க் பேமென்ட் பக்கம், 'இந்த அக்கவுன்ட் வச்சு லாகின்' மாதிரி நல்ல விஷயங்களும் புது ஜன்னல்லதான் திறக்கும். பொதுவா ஒரு கிளிக்குக்கு ஒரு ஜன்னல், அவ்வளவுதான் கணக்கு. இதைத் தெரிஞ்சுக்கிட்ட சைட்டுகள், பிளே பட்டனுக்கு மேல கண்ணுக்குத் தெரியாத ஒரு லேயரை விரிச்சு வைக்கும். நீங்க படத்தை பிளே பண்றதா நினைச்சு அமுக்குவீங்க, அந்த கிளிக் விளம்பரத்துக்குப் போயிடும். திருட்டுப் பட சைட்டுகள்ல முதல் ரெண்டு கிளிக் எப்பவும் வேற எங்கயோ போறது இதனாலதான். ஹாஸ்டல் வாசிகளுக்கு இதை நான் விளக்கவே வேண்டாம்.

செய்ய வேண்டியது: குரோம்ல வலது மேல் மூலையில மூணு புள்ளி, செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், அதுல 'பாப்-அப்ஸ் அண்ட் ரீடைரக்ட்ஸ்'. அது தடுக்கிற நிலையில இருக்கணும். கீழ 'அலோ' லிஸ்ட்ல உங்களுக்குத் தெரியாத சைட் ஏதாவது இருந்தா தூக்கிடுங்க. கொஞ்சம் தள்ளி 'இன்ட்ரூசிவ் ஆட்ஸ்'னு இன்னொண்ணு இருக்கும். ரொம்பத் தொந்தரவான விளம்பரம் போடற சைட்டுகள்ல 2018லேர்ந்து குரோமே விளம்பரத்தைத் தடுக்குது. அதையும் தடுக்கிற நிலையிலயே வச்சுக்கோங்க.

ஒரு எச்சரிக்கை. காலேஜ் ஃபீஸ் கட்டுறப்ப பேமென்ட் பக்கம் திறக்கலைன்னா, மொத்தத் தடுப்பையும் ஆஃப் பண்ணிடாதீங்க. அட்ரஸ் பார்ல வலது பக்கம், ஜன்னலைத் தடுத்துட்டேன்னு ஒரு சின்ன ஐகான் வரும். அதை அமுக்கி அந்த ஒரு சைட்டுக்கு மட்டும் அனுமதி கொடுங்க.

வகை 2: பக்கத்துக்கு மேல வர்ற பெட்டி

'எங்க ஆப்பை டவுன்லோட் பண்ணுங்க', 'மெயில் ஐடி கொடுங்க, 10 சதவீதம் தள்ளுபடி', 'குக்கீஸை ஏத்துக்கோங்க'. இதெல்லாம் தனி ஜன்னல் இல்ல. அதே பக்கத்துல எழுதின ஒரு டிவ், ஸ்டைல்ஷீட்ல எல்லாத்துக்கும் மேல வர்ற மாதிரி வச்சிருக்காங்க. அதனால பாப்-அப் தடுப்பானால இதைத் தொட முடியாது. அதுக்குக் கண்ணுல படறதெல்லாம் ஒரே பக்கம்தான்.

இதுல குக்கீ பெட்டிக்கு மட்டும் ஒரு வரலாறு இருக்கு. நம்ம கம்ப்யூட்டர்ல குக்கீ வைக்கணும்னா எங்ககிட்ட கேட்டுட்டு வைங்கன்னு ஐரோப்பிய யூனியன் சட்டம் சொல்லுது. 2018 மே 25ல அவங்களோட தகவல் பாதுகாப்புச் சட்டம் அமலுக்கு வந்ததும், உலகம் பூரா இந்தப் பெட்டி பெருகிடுச்சு. சட்டத்தோட நோக்கம் நல்லது. ஆனா கம்பெனிகள் பண்ணின வேலையைப் பாருங்க. 'ஏத்துக்கிறேன்' பெரிய கலர் பட்டன், ஒரே கிளிக். 'வேண்டாம்' சொல்லணும்னா மூணு பக்கம் உள்ள போகணும். இதுக்காகவே 2022 ஜனவரியில பிரான்ஸ் நாட்டு தகவல் பாதுகாப்பு ஆணையம் கூகுளுக்கு 15 கோடி யூரோவும் ஃபேஸ்புக்குக்கு 6 கோடி யூரோவும் அபராதம் போட்டுச்சு. ஏத்துக்கிறது எவ்வளவு சுலபமோ, மறுக்கிறதும் அவ்வளவு சுலபமா இருக்கணும்ங்கிறதுதான் அவங்க வாதம்.

செய்ய வேண்டியது: 'ரிஜெக்ட் ஆல்' இருந்தா அதையே அமுக்குங்க. சைட் வேலை செய்யத் தேவையான குக்கீ எப்படியும் இருக்கும், ஒண்ணும் கெடாது. கூடவே பிரைவசி அண்ட் செக்யூரிட்டியில 'தேர்ட்-பார்ட்டி குக்கீஸ்' போய் பிளாக் பண்ணிடுங்க. நீங்க செருப்பு தேடினா ஒரு வாரம் செருப்பு விளம்பரமே துரத்துதே, அதுல ஒரு பங்கு இதுனாலதான். சஃபாரியும் ஃபயர்பாக்ஸும் இந்த விஷயத்துல ஏற்கெனவே கண்டிப்பா இருக்காங்க.

பெட்டியை மூடற எக்ஸ் குறியே கண்ணுல படலைன்னா ரெண்டு வழி. ஒண்ணு, ரீடர் மோட். ஃபயர்பாக்ஸ்லயும் சஃபாரியிலயும் கட்டுரைப் பக்கங்களுக்கு அட்ரஸ் பார்லயே அதுக்கு பட்டன் வரும். எழுத்து மட்டும் நிக்கும், மத்ததெல்லாம் போயிடும். இன்னொண்ணு நம்மள மாதிரி ஆளுங்களுக்கு. பெட்டி மேல ரைட் கிளிக், இன்ஸ்பெக்ட், அந்த டிவைத் தேர்ந்தெடுத்து டெலீட். அதுக்கப்புறமும் பக்கம் ஸ்க்ரோல் ஆகலைன்னா, பாடி டேக்ல ஓவர்ஃப்ளோ ஹிட்டன்னு இருக்கும், அந்த டிக்கை எடுத்துடுங்க. வெப் டெக்னாலஜி லேப்ல ரெக்கார்ட் நோட்டுக்காகப் படிச்சது வாழ்க்கையில உதவுற அபூர்வமான இடம் இது.

வகை 3: மூலையில வந்து நிக்கிறது

எங்க அப்பா கடையில வந்தது இதுதான். நம்ம வீடுகள்ல பெரும்பாலும் 'வைரஸ்'னு சொல்றதும் இதைத்தான்.

2015 ஏப்ரல்ல குரோம் 42வது வெர்ஷன்ல ஒரு வசதி வந்துச்சு. ஆப் இல்லாமலே வெப்சைட் நமக்கு நோட்டிஃபிகேஷன் அனுப்பலாம். அடுத்த வருஷம் ஃபயர்பாக்ஸ்லயும் வந்துச்சு. மெயில் வந்தா சொல்லும், மேட்ச் ஸ்கோர் சொல்லும். நல்ல வசதிதான். அது எப்படி வேலை செய்யுதுன்னு தெரிஞ்சா மிச்சமெல்லாம் தானா புரிஞ்சிடும்.

ஒரு சைட் 'நோட்டிஃபிகேஷன் காட்டட்டுமா?'ன்னு கேக்குது. நீங்க 'அலோ' அமுக்கறீங்க. உடனே அந்த சைட்டோட சர்வீஸ் வொர்க்கர்ங்கிற ஒரு சின்ன ஸ்கிரிப்ட் உங்க பிரவுசர்ல பதிவாகும். பிரவுசர் உங்களுக்குன்னு ஒரு தனி முகவரியை உருவாக்கி சைட்டுக்குக் கொடுக்கும். அந்த முகவரிக்கு சைட் எப்ப செய்தி அனுப்பினாலும், பிரவுசர் அந்த ஸ்கிரிப்டை எழுப்பி, மூலையில காட்டச் சொல்லும். அந்த சைட் திறந்திருக்கணும்னு அவசியமே இல்ல. டேபை மூடிட்டீங்க, ஒரு மாசமா அந்தப் பக்கமே போகல, இருந்தாலும் வரும். ஏன்னா நீங்க கதவைத் திறந்து விடல, சாவியையே கொடுத்துட்டீங்க.

ஆன்டிவைரஸ் போட்டு ஸ்கேன் பண்ணினாலும் பல நேரம் ஒண்ணும் சிக்காததுக்குக் காரணம் இதுதான். கம்ப்யூட்டர்ல ஏறின புரோகிராம் எதுவும் இல்ல, நீங்க கொடுத்த அனுமதி மட்டும்தான் இருக்கு. ஃபார்மட் பண்ணினா போகத்தான் செய்யும், கூட நம்ம ஃபைலும் போகும். மறுபடி யாராவது 'அலோ' அமுக்கினா திரும்ப வரும். எங்க கடையில மூணு வாரத்துல வந்துச்சு.

சரி, யார் தெரிஞ்சே 'அலோ' அமுக்குவாங்க? நான் அப்பாகிட்ட கேட்டேன். "கஸ்டமர் நிக்காங்க, ரிசல்ட் பாக்கணும், ஹால் டிக்கெட் எடுக்கணுங்காங்க. அதுல 'டவுன்லோட் பண்ண அலோவ அமுக்கு'ன்னு போட்ருக்கான். அலோன்னா 'சரி'ன்னுதான நெனச்சேன். எல்லாத்தையும் வாசிக்க எங்கய்யா நேரம்?"

நியாயமான கேள்வி. அந்தப் பெட்டி பேசுறது இங்கிலீஷ்ல. கேக்குறது அவசரத்துல இருக்கிற ஒரு மனுஷன்கிட்ட. 'நான் ரோபோ இல்லைன்னு நிரூபிக்க அலோ அமுக்குங்க', 'வயசு 18க்கு மேலன்னா அலோ அமுக்குங்க', 'வீடியோ பார்க்க அலோ அமுக்குங்க' எல்லாமே ஒரே பொய்தான். இதை மட்டும் மனசுல வச்சுக்கோங்க: நிஜமான கேப்சா எதுவும் பிரவுசரோட 'அலோ' பட்டனை அமுக்கச் சொல்லாது. டவுன்லோடுக்கும் நோட்டிஃபிகேஷன் அனுமதிக்கும் எந்தச் சம்பந்தமும் கிடையாது. அட்ரஸ் பார்ல பூட்டு படம் இருந்தாலும் ஏமாறாதீங்க. பூட்டு சொல்றது, வழியில யாரும் ஒட்டுக்கேக்கலைன்னு. அந்தப் பக்கம் இருக்கிறவன் நல்லவனான்னு அது சொல்லாது.

செய்ய வேண்டியது, கம்ப்யூட்டர்ல: குரோம் செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ். கீழ 'அனுப்ப அனுமதி உள்ளவை'ங்கிற மாதிரி ஒரு லிஸ்ட் இருக்கும். தெரியாத பேர் ஒவ்வொண்ணுக்கும் பக்கத்துல மூணு புள்ளி, அதுல பிளாக். 'ரிமூவ்'னும் ஒண்ணு இருக்கும். ரிமூவ் பண்ணினா அந்த சைட் மறுபடி கேக்கலாம், பிளாக் பண்ணினா கேக்கவே முடியாது. அதனால பிளாக். அப்புறம் மேல, எந்த சைட்டும் நோட்டிஃபிகேஷன் அனுப்பக் கூடாதுங்கிற ஆப்ஷனைத் தேர்ந்தெடுத்துட்டா, இனி அந்தக் கேள்வியே வராது. அப்பா அம்மா கம்ப்யூட்டருக்கு நான் சிபாரிசு பண்றது இதைத்தான்.

ஆன்ட்ராய்டு போன்ல: வந்த நோட்டிஃபிகேஷனை உத்துப் பாருங்க. குரோம்ங்கிற பேருக்குப் பக்கத்துல எந்த சைட்னு சின்ன எழுத்துல இருக்கும். அதான் குற்றவாளி. குரோமைத் திறந்து மூணு புள்ளி, செட்டிங்ஸ், சைட் செட்டிங்ஸ், நோட்டிஃபிகேஷன்ஸ் போய் அந்த சைட்டைத் தடுங்க. சில போன்ல நோட்டிஃபிகேஷன்லயே 'அன்சப்ஸ்கிரைப்' பட்டன் வரும், அதுவும் போதும்.

ஃபயர்பாக்ஸ்ல: செட்டிங்ஸ், பிரைவசி அண்ட் செக்யூரிட்டி, பெர்மிஷன்ஸ் பகுதியில நோட்டிஃபிகேஷன்ஸ் பக்கத்துல இருக்கிற பட்டன். அதுல லிஸ்டும் இருக்கும், புதுக் கேள்விகளைத் தடுக்கிற டிக்கும் இருக்கும்.

மெனு பேரெல்லாம் வெர்ஷனுக்கு வெர்ஷன் மாறும். தொலைஞ்சு போனா, செட்டிங்ஸ் பக்கத்துல இருக்கிற தேடல் பெட்டியில 'நோட்டிஃபிகேஷன்'னு டைப் பண்ணுங்க. எட்ஜ்லயும் அதேதான்.

வகை 4: முழுத் திரை மிரட்டல்

இது தொல்லை இல்ல, திருட்டு. திரை முழுக்க சிவப்பு, 'உங்கள் கம்ப்யூட்டர் முடக்கப்பட்டது, ஆஃப் செய்யாதீர்கள், உடனே இந்த நம்பருக்கு அழையுங்கள்'. சில நேரம் சைரன் சத்தமும் வரும். இது வெறும் வெப் பக்கம்தான். ஃபுல் ஸ்க்ரீன்ல இருக்கிறதால மூடற குறி தெரியல, அவ்வளவுதான். நம்பருக்குக் கூப்பிட்டா, ரிமோட்ல பார்க்கிற ஒரு ஆப்பைப் போடச் சொல்வாங்க. போட்டா உங்க திரை அவங்க கையில.

செய்ய வேண்டியது: பதறாதீங்க. எஸ்கேப் கீயை ரெண்டு மூணு செகண்ட் அமுக்கிப் பிடிங்க, ஃபுல் ஸ்க்ரீன் போயிடும், டேபை மூடுங்க. போகலைன்னா ஆல்ட், எஃப்4. அதுவும் இல்லைன்னா கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அமுக்கி, டாஸ்க் மேனேஜர்ல பிரவுசரை எண்ட் டாஸ்க் பண்ணுங்க. மறுபடி திறக்கும்போது 'ரீஸ்டோர்' கேட்டா வேண்டாம்னு சொல்லுங்க, இல்லைன்னா அதே பக்கம் திரும்ப வந்து நிக்கும்.

இதுல இன்னொரு ரகமும் இருக்கு. கேப்சா மாதிரியே ஒரு பெட்டி வரும். 'விண்டோஸ் கீயும் ஆர் கீயும் அமுக்குங்க, அப்புறம் கண்ட்ரோல் வி, அப்புறம் என்டர்'னு மூணு ஸ்டெப் சொல்லும். என்ன நடக்குதுன்னு யோசிங்க. விண்டோஸும் ஆரும் சேர்ந்தா ரன் பெட்டி திறக்கும். நீங்க அந்தப் பக்கத்துல கிளிக் பண்ணினப்பவே ஒரு கமாண்டை உங்க கிளிப்போர்டுல போட்டிருப்பாங்க. நீங்களே உங்க கையால பேஸ்ட் பண்ணி ஓட வைக்கிறீங்க. இதுல நிஜமாவே மால்வேர் இறங்கும். எந்த வெப்சைட்டும் நம்மளை ரன் பெட்டி திறக்கச் சொல்லக் காரணமே கிடையாது. சொன்னா, உடனே மூடுங்க.

பணம் போயிடுச்சுன்னா வெட்கப்பட்டுட்டு உட்கார வேண்டாம். உடனே 1930க்குக் கூப்பிடுங்க. அது இணையப் பண மோசடிக்கான தேசிய உதவி எண். எவ்வளவு சீக்கிரம் சொல்றோமோ, பணத்தை வழியிலயே நிறுத்த அவ்வளவு வாய்ப்பு.

இதெல்லாம் பண்ணியும் போகலையா?

கம்ப்யூட்டர்ல: எக்ஸ்டென்ஷன்ஸ் லிஸ்டைப் பாருங்க. நீங்க போடாத எதுவும், எதுக்குன்னே தெரியாத எதுவும் வேண்டாம். ஹோம் பேஜ், தேடல் எஞ்சின் தானா மாறியிருந்தா, செட்டிங்ஸ்ல 'ரீசெட் செட்டிங்ஸ்' இருக்கு. அது எக்ஸ்டென்ஷன்களை நிறுத்தி பிரவுசரைப் பழைய நிலைக்குக் கொண்டு வரும். புக்மார்க்கும் பாஸ்வேர்டும் போகாது.

போன்ல: பிரவுசரே திறக்காம, ஹோம் ஸ்க்ரீன் மேல முழு விளம்பரம் வந்தா, அது வெப்சைட் இல்ல, ஏதோ ஒரு ஆப். கடைசியா போட்ட டார்ச், கிளீனர், வால்பேப்பர் ஆப்களைச் சந்தேகப்படுங்க. விளம்பரம் நிக்கும்போதே ரீசன்ட்ஸ் பட்டனை அமுக்கினா, பல நேரம் எந்த ஆப்னு காட்டிக் கொடுத்துடும். 'மற்ற ஆப்கள் மேல காட்டு'ங்கிற அனுமதி யார்கிட்ட இருக்குன்னும் போன் செட்டிங்ஸ்ல பாருங்க.

ஆட் பிளாக்கர் போடலாமான்னு கேட்பீங்க. போடலாம். ஃபயர்பாக்ஸ்ல யூபிளாக் ஆரிஜின், ஆன்ட்ராய்டு போன்லகூட வேலை செய்யும். குரோம்ல அதோட லைட் வெர்ஷன். ஆனா ஒழுங்கா விளம்பரம் போட்டுப் பிழைக்கிற சின்ன சைட்டுகளும் இருக்கு. பிடிச்ச சைட்டுக்கு மட்டும் பிளாக்கரை ஆஃப் பண்ணி வைக்கிறது ஒரு மரியாதை.

சட்டம் என்ன சொல்லுது?

இந்த மாதிரி ஏமாத்துற டிசைனுக்கு 'டார்க் பேட்டர்ன்'னு பேர். 2010ல ஹாரி பிரிக்னல்ங்கிற டிசைனர் வச்ச பேர். நம்ம நாட்டுல மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2023 நவம்பர் 30ல இதுக்குன்னு வழிகாட்டு விதிகள் அறிவிச்சுது. அதுல 13 வகை டார்க் பேட்டர்ன் இருக்கு. வேண்டாம்னு சொன்ன பிறகும் திரும்பத் திரும்ப நச்சரிக்கிறது அதுல ஒண்ணு. வைரஸ் இருக்குன்னு பொய் சொல்லிப் பயமுறுத்திப் பணம் பறிக்கிறது இன்னொண்ணு. அதாவது, அப்பா கடை மூலையில வந்து நின்னது வெறும் எரிச்சல் இல்ல, விதிப்படியே தப்பு. நாளைக்கு நாம ஒரு கம்பெனியில சேர்ந்து, 'வேண்டாம் பட்டனை இன்னும் கொஞ்சம் மங்கலாக்கு'ன்னு மேனேஜர் சொன்னா, இது ஞாபகம் வரட்டும்.

இந்த வாரம் ஒரு வீட்டுப்பாடம்

1. உங்க போன்ல நோட்டிஃபிகேஷன் லிஸ்டைத் திறந்து எத்தனை சைட் இருக்குன்னு எண்ணுங்க. என் போன்லயே 6 இருந்துச்சு. வெளியில சொல்லாதீங்க.
2. ஊருக்குப் போறப்ப அப்பா, அம்மா, தாத்தா போன்ல அதே வேலையைச் செய்யுங்க. செஞ்சு கொடுத்துட்டு வராதீங்க, அவங்க கையாலயே செய்ய வைங்க.
3. யாருக்காவது ஃபார்மட்னு சொல்றதுக்கு முன்னாடி, முக்கியமான ஃபோல்டரை ஒரு பென் டிரைவ்ல காப்பி பண்ணிட்டாங்களான்னு கேளுங்க.

கடைசியா கடைக்கு வருவோம். அப்பா கம்ப்யூட்டர்ல குரோமோட மொழியைத் தமிழுக்கு மாத்தினேன். செட்டிங்ஸ்ல லாங்குவேஜஸ் போய் தமிழைச் சேர்த்து, குரோமை அதுல காட்டச் சொன்னா போதும். நோட்டிஃபிகேஷன் கேள்வியை அன்னைக்கு முழுசா ஆஃப் பண்ணல, அப்பா கண்ணால ஒரு தடவை பார்க்கட்டும்னு விட்டேன். சாயங்காலமே ஒரு சைட்ல அந்தப் பெட்டி வந்துச்சு. 'அலோ' இருந்த இடத்துல 'அனுமதி'ன்னு இருந்துச்சு. அப்பா மவுஸை நிறுத்திட்டு என்னைப் பார்த்தார்.

"அனுமதியா? யாருக்குய்யா அனுமதி? எதுக்கு?"

இதுக்கு மேல நான் பாடம் எடுக்க ஒண்ணும் இல்லாம போச்சு.

மனு ஃபோல்டர் மட்டும் திரும்ப வரல. பழைய கஸ்டமர்கள் சிலர் வீட்ல பிரிண்ட் காப்பி வச்சிருந்தாங்க, அதைக் கேட்டு வாங்கிட்டு வந்து லீவு பூரா டைப் பண்ணினேன். நான் எல்கேஜியிலேர்ந்து இங்கிலீஷ் மீடியம். 'அனுப்புநர்', 'பெறுநர்', 'பொருள்'னு ஒவ்வொரு எழுத்தாத் தேடித் தேடித்தான் அடிச்சேன். அப்பா பின்னால நின்னுட்டு 'ற'வுக்கும் 'ர'வுக்கும் திருத்தம் சொல்லிட்டே இருந்தார். இதுவரைக்கும் 23 ஆச்சு. பொங்கல் லீவுல மிச்சத்தைப் பார்க்கணும்.

சந்தேகம் இருந்தா பி பிளாக், ரூம் கதவைத் தட்டுங்க. இன்டர்னல் இருந்தாலும் பரவாயில்ல, இந்தத் தடவை யோசிச்சு பதில் சொல்றேன்.